பிள்ளைக்கு மின்மினியை அறிமுகம் செய்ய எது நல்ல வழி: கதையா, போத்தலா, ரோச் விளையாட்டா, முற்றமா?

ஐப்பசி மழை இரண்டு மூன்று தரம் நின்று பெய்து மண் ஊறிவிட்டால் யாழ்ப்பாணத்து வேலியோரங்களில் மின்மினி தென்படத் தொடங்கும். முன்பள்ளியில் வேலை செய்கிறவர்களுக்கு அது வாய்ப்பான காலம். மழையால் பிள்ளைகளை வெளியே விட முடியாமல் நாங்கள் திணறும்போது, "ரீச்சர், எங்கட வளவில லைற் பூச்சி வந்தது" என்று பிள்ளைகளே பாடத்தைக் கொண்டுவந்து கையில் தருகிறார்கள். அதை எப்படி நடத்துவது என்பதுதான் கேள்வி. கதை சொல்வதா, கைவேலை செய்விப்பதா, போத்தலில் பிடித்துக் காட்டுவதா, போனில் வீடியோ போடுவதா, இரவில் முற்றத்தில் உட்கார்த்துவதா?

எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேலை முடித்து ஐந்தரைக்கு வீடு வரும் தாய்க்கும், ஒரு வகுப்புப் பிள்ளைகளைத் தனியே பார்க்கும் ஆசிரியைக்கும் மிஞ்சிப்போனால் ஒரு மாலையும் இரண்டு காலையும் கிடைக்கும். ஆகவே ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்வதுதான் சரி. நான் இவற்றையெல்லாம் ஒரே கேள்வியை வைத்து அளக்கிறேன்: இது முடிந்தபிறகு, அந்த வெளிச்சம் அந்தப் பூச்சிக்கு எதற்கு என்று பிள்ளைக்குத் தெரியுமா? வடிவாக இருந்தது, மினுங்கியது என்பதோடு நின்றால் பிள்ளைக்கு மின்மினியும் கலியாண வீட்டுச் சோடனை பல்பும் ஒன்றாகிவிடும்.

முதலில் பெரியவர்கள் தெரிந்திருக்க வேண்டிய சில விடயங்கள். மின்மினி ஈ அல்ல, வண்டு. லம்பிரிடே என்ற வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் 2000க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வயிற்றின் கடைசிப் பகுதியில் லூசிபெரின் என்ற பொருள், லூசிபரேஸ் என்ற நொதியத்தின் உதவியோடு ஒட்சிசனுடன் சேரும்போது வெளிச்சம் பிறக்கிறது. அதில் சூடு மிகமிகக் குறைவு. மினுக்கும் இனங்கள் பலவற்றில் ஆண் பறந்தபடி மினுக்கும். பெண் புல்லிலோ இலையிலோ இருந்து பதிலுக்கு மினுக்கும். இனத்துக்கு இனம் தாளம் வேறு. ஆக, அந்த வெளிச்சம் ஒரு பேச்சு.

பறக்கும் வாழ்க்கை சில கிழமைகள் மட்டுமே. அதற்கு முன் மாதக்கணக்கில் அது புழுவாக ஈரமண்ணிலும் உக்கிய இலைகளுக்குள்ளும் நத்தை, ஓடில்லா நத்தை, மண்புழு தின்று வளர்கிறது. புழுவும் ஒளிரும், என்னைத் தின்னாதே, கசப்பேன் என்று மற்றப் பிராணிகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை அது. இலங்கையில் உள்ள லம்பிரிகேரா டெனிப்ரோசா என்ற இனத்தின் புழு, தோட்டங்களை அழிக்கும் ஆபிரிக்கப் பெருநத்தையையே தாக்கித் தின்னக்கூடியது. அந்த இனத்தின் பெண்ணுக்குச் செட்டையே இல்லை. வளர்ந்த பின்னும் பெரிய புழுவின் தோற்றத்தில் தரையில் கிடந்து ஒளிரும்.

கதை

கதைக்கு இரவு தேவையில்லை, செலவில்லை, மழையும் தடையில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு இதை விட்டால் வேறு வாசல் இல்லை என்றே சொல்லலாம். இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு இன்னும் முக்கியம். வளவு மூலையில் தெரியும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பேய் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளையை நேரே முற்றத்துக்குக் கூட்டிப்போனால் அழுகைதான் மிஞ்சும்.

ஆனால் எந்தக் கதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மூன்று விதமான கதை புழங்குகிறது.

முதலாவது, தூக்கணாங்குருவிக் கதை. பனை ஓலையில் தொங்கும் கூட்டுக்குள் குருவி ஈரமண்ணை அப்பி, அதில் மின்மினியை ஒட்டி, குஞ்சுகளுக்கு விளக்கு வைக்கிறது என்று பாட்டன் காலம் தொட்டுச் சொல்லி வருகிறோம். குருவி கூட்டுக்குள் மண் அப்புவது உண்மை. விளக்கு வைக்கும் பகுதி நம்பிக்கை. நிரூபணமான செய்தி அல்ல. பனையும் குருவியும் எங்கள் பிள்ளைக்குத் தெரிந்தவை என்பதால் கதை உடனே பிடித்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளையிடம், "இது உண்மையாக இருக்குமோ? எப்படிப் பார்த்து அறியலாம்?" என்று கேட்கவும் இது நல்ல இடம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எட்டாது. அது மின்மினியை மண்ணில் ஒட்டப்பட்ட விளக்காகவே மனதில் வைத்துக்கொள்ளும். அதனால் சின்னவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது, நிலவோடு போட்டி போட்ட மின்மினி, கர்வம் பிடித்த மின்மினி என்ற நீதிக் கதைகள். அவை கர்வத்தைப் பற்றியவை, பூச்சியைப் பற்றியவை அல்ல. மின்மினியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சேவலை வைத்தாலும் கதை அப்படியே நடக்கும். வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பூச்சியின் வாழ்க்கையையே கதையாகச் சொல்வது. இதைத்தான் நான் தேர்வேன். வாழைப்பாத்திக் கரையில், உக்கின இலைக்குக் கீழே, கடுகிலும் சின்ன முட்டை ஒன்று. அதிலிருந்து ஒரு புழு வருகிறது. பசி. நத்தை போன வழவழத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. நத்தை ஓட்டுக்குள் ஒளிக்கிறது. புழு மெல்லக் கடித்து அதை மரத்துப்போகச் செய்து, கரைத்துக் குடிக்கிறது. இந்த இடத்தில் பிள்ளைகள் "சீ!" என்று கத்துவார்கள், கத்தட்டும், கதையில் அவர்கள் மறக்காத இடம் அதுதான். வெயில் போய் மழை வருகிறது. புழு மண்ணுக்குள் சின்ன அறை செய்து உறங்குகிறது. எழும்பும்போது செட்டை முளைத்திருக்கிறது. மேலே பறக்கிறது, மினுக்குகிறது, யாராவது பதில் சொல்வார்களா என்று பார்க்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு விதி வைத்துக்கொண்டால் கதையின் பலன் இரட்டிப்பாகும். பூச்சிக்குப் பிள்ளைகள் பேர் வைக்கலாம், ஆனால் பூச்சி மனிதப் பேச்சுப் பேசக் கூடாது. அது பேச வேண்டிய இடத்தில் சொல்பவர் மடியில் வைத்திருக்கும் ரோச்சை மினுக்க வேண்டும். இரண்டு சின்ன மினுக்கு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளே கையை விரித்து மூடிப் பதில் சொல்லத் தொடங்குவார்கள். வெளிச்சம் பேச்சு என்பதை ஒருவரும் வாயால் சொல்லத் தேவையில்லாமல் போய்விடும்.

வீட்டுப் பெரியவர்களின் ஞாபகமும் ஒரு கதைதான். 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் படித்த தலைமுறை இப்போது அம்மம்மாக்களாகவும் அம்மாக்களாகவும் இருக்கிறது. அந்த இருட்டில் வளவு எப்படி இருந்தது என்று அவர்கள் சொன்னால் பிள்ளை வாய் பிளந்து கேட்கும். அந்தக் காலத்தின் பாரம் முழுவதையும் சின்னப் பிள்ளை மேல் இறக்க வேண்டாம். போத்தல் விளக்கும் அதைச் சுற்றிப் பறந்த பூச்சிகளும் இந்த வயதுக்குப் போதும்.

"அம்மம்மா, மின்மினிக்குச் சுடாதோ?"

"இல்லைக் குஞ்சு, அது சுடாத வெளிச்சம். என்ர போத்தல் விளக்குத்தான் கையைச் சுட்டது."

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டில் நடந்ததாக வந்து ஒப்புவித்த பேச்சு இது. ஒளியின் வேதியியலில் ஐந்து வயதுக்கு வேண்டிய அளவு இதற்குள்ளேயே இருக்கிறது.

போத்தல்

பிடித்துப் போத்தலில் விடுவதற்குப் பிள்ளைகளிடம் எப்போதும் ஆதரவு அதிகம். அதன் நன்மையையும் மறைக்கக் கூடாது. கிட்டத்தில் பார்த்தால்தான் ஆறு கால் தெரியும், தலையை மூடிய தகடு தெரியும், அடிவயிற்றின் நுனியில் வெளிறிய பட்டை தெரியும், அந்தப் பட்டையில் மட்டும் வெளிச்சம் வருவது தெரியும். பறக்கும்போது இவை எதுவும் கண்ணில் படாது.

ஆனாலும் நான் இதை முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன். அந்தப் பூச்சிக்கு மிஞ்சியிருப்பது சில கிழமை; அதற்குள் துணையைத் தேடி முட்டையிட்டாக வேண்டும். ஓர் இரவு முழுக்கப் போத்தலில் இருந்தால் அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. மூடி இறுகிய போத்தலில் விடியுமுன் செத்துப்போகவும் கூடும். அதைவிட, எனது அளவுகோலிலும் போத்தல் தோற்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் பூச்சி யாரோடும் பேசவில்லை, தப்ப வழி தேடுகிறது. பேச்சைப் படிப்பிக்க விரும்பினால், பேச ஆள் இல்லாத இடத்தில் அதை அடைக்கக் கூடாது.

பிள்ளை அடம் பிடித்தால் இப்படிச் செய்யுங்கள். வாயகன்ற போத்தல், மூடிக்குப் பதில் நுளம்பு வலைத் துண்டு, உள்ளே நனைத்த இலை ஒன்று, ஒரேயொரு பூச்சி, பத்து நிமிடம். பிடித்த அதே செடியடியில் திருப்பி விடுவதும் பிள்ளையின் வேலை. பல இனங்களின் உடலில் கசப்பான நச்சுப் பொருள் உண்டு, அதனால் தொட்ட கையை வாயில் வைக்க விடாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

வீடியோவும் கைவேலையும்

வீடியோவைச் சுருக்கமாக முடிக்கிறேன். பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலும் மலேசியாவின் கம்போங் குவாந்தான் போன்ற இடங்களில், ஆற்றங்கரைக் கண்டல் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாக மினுக்குவது வரும். நிழற்படங்கள் இன்னும் மோசம்: நெடுநேரம் கமெராவைத் திறந்து வைத்தோ, பல படங்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியோ எடுத்தவை அவை. ஒரு காட்டில் ஒரே கணத்தில் அத்தனை வெளிச்சம் இருந்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு எங்கள் வேலியில் மினுங்கும் நாலைந்து பூச்சி ஏமாற்றமாகிவிடும். வீடியோவைக் காட்டுவதென்றால் கடைசியில் காட்டுங்கள். நத்தையைத் தின்னும் புழு, கூட்டுப்புழு போன்ற, நேரில் காண முடியாத கட்டங்களுக்கு அது உதவும்.

கைவேலையில் ஒளிரும் மையும் மினுமினுப்புத் தூளும் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். புளியங்கொட்டை போதும். கடினமான, பளபளக்கும் கபில நிற ஓடு. வண்டின் முதுகு அப்படியே இருக்கிறது. அதில் ஆறு ஈர்க்குத் துண்டை மாவுப் பசையால் ஒட்டி, நுனியில் மஞ்சள் பொட்டு வைத்தால் ஆயிற்று. இது வண்டு, ஈ அல்ல என்பதைக் கையே படித்துக்கொள்ளும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை உள்ள வீட்டில் கொட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். குன்றிமணியும் ஆமணக்கங்கொட்டையும் வடிவாக இருக்கும். இரண்டும் கடும் நஞ்சு, சின்னப் பிள்ளைகளின் மேசையில் அவை இருக்கவே கூடாது.

ரோச் விளையாட்டு

பகலில், வகுப்பறையில், பூச்சி ஒன்றுமே இல்லாமல் செய்யக்கூடியவற்றில் இதற்கு மேல் ஒன்றை நான் காணவில்லை. யன்னலைப் படங்கினால் மூடினால் வகுப்பறை போதிய அளவு இருண்டுவிடும். பிள்ளைகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி பறப்பவர்கள், மற்றப் பாதி பாயில் குந்தியிருக்கும் 'புல்லில் இருப்பவர்கள்'. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு தாளத்தைக் காதில் சொல்லிவிடுங்கள்: ஒரு நீளம்; இரண்டு குட்டை; ஒரு குட்டை ஒரு நீளம். பறப்பவர் தன் தாளத்தை மினுக்கியபடி மெல்ல நடப்பார். அதே தாளம் உள்ளவர் மட்டும் பதில் மினுக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது.

முதல் தரம் குழப்பமாகத்தான் இருக்கும். எல்லாரும் எல்லாருக்கும் பதில் சொல்வார்கள். இரண்டாம் தரம் அறை அமைதியாகும். தாளத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்குவார்கள். நான்கு வயதுக்கு இரண்டு தாளம் போதும், ஆறு வயதுக்கு நான்கு கொடுக்கலாம். போன் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும்; சாவிக்கோர்வையில் தொங்கும் சின்ன ரோச்சுக்கு மஞ்சள் தாளைச் சுற்றினால் அளவாக இருக்கும். எல்லாருக்கும் ரோச் இல்லாவிட்டால் பறப்பவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவர் கையைத் தட்டட்டும்.

நடுவில் ஒருதரம் அறை விளக்கைப் போட்டுவிட்டு, "இப்ப தேடுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். மினுக்குத் தெரியாது, சோடி கிடைக்காது, பிள்ளைகள் "லைற்றை நிப்பாட்டுங்கோ ரீச்சர்" என்று கத்துவார்கள். வீதி விளக்கும் கேற் பல்பும் மின்மினிக்கு என்ன செய்கின்றன என்பதை அவர்கள் அந்த நிமிடத்தில் அனுபவித்துவிடுகிறார்கள். வேறெந்த வழியும் இதை இவ்வளவு சுலபமாகக் கொடுக்காது. கதையிலே சொல்லலாம்தான், ஆனால் கதையில் அது பாடமாகத் தொனிக்கும்.

குறை என்னவென்றால், பிள்ளை இதில் உயிருள்ள பூச்சியைக் காணவில்லை. விளையாட்டு விளையாட்டாகவே நின்றுவிடும் ஆபத்து உண்டு.

முற்றம்

அதனால்தான், ஒரேயொரு வழி என்று கேட்டால் நான் முற்றத்தைச் சொல்வேன். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கார்த்திகையில் சூரியன் ஆறு மணிக்கு முன்னமே இறங்கிவிடும், 6.30க்கெல்லாம் நல்ல இருட்டு. பிள்ளையின் நித்திரை நேரத்தைக் குழப்பாமலே பார்த்து முடிக்கலாம். அமாவாசையை ஒட்டிய, மழை விட்ட, காற்றில்லாத இரவு நல்லது. விளக்கீட்டன்று வாசலெல்லாம் சுட்டியும் பந்தமும் எரியும், அது பௌர்ணமியும் கூட; அன்று மின்மினி பார்க்கத் தோதில்லை, வேறு நாள் பாருங்கள்.

கேற் பல்பையும் விறாந்தை விளக்கையும் அணைத்துவிட்டுப் படியில் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. கண் இருட்டுக்குப் பழக கால் மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், இடையில் ஒருவர் போனைப் பார்த்தால் பழகிய கண்ணும் போய்விடும். இந்த நேரத்தைத்தான் பிள்ளையால் தாங்க முடியாது. அம்மம்மாவின் போத்தல் விளக்குக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. பிறகு வேலியடியில் ஒன்று மினுங்கும். "அது யாரைக் கூப்பிடுது? ஆர் பதில் சொல்லுது, பார்" என்று மட்டும் கேளுங்கள். மினுக்குகளுக்கு இடையில் மெல்ல எண்ணச் சொல்லலாம். தரையில் அசையாமல் ஒளிர்வது தெரிந்தால் அது புழுவாகவோ செட்டையில்லாப் பெண்ணாகவோ இருக்கலாம். பறப்பதை விட அரிய காட்சி அது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாரியில் விரியன் புல்லுக்குள் இருக்கும். எனவே புல்லுக்குள் இறங்கித் தேடுவது கூடாது; படியிலும் விறாந்தையிலும் இருந்தே பார்க்க வேண்டும், நடப்பதென்றால் சப்பாத்தும் வெளிச்சமும் வேண்டும். ரோச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டினால் பூச்சிகளுக்குத் தொந்தரவு குறைவு, எங்கள் கண்ணும் கூசாது. நுளம்புக்கு நீளக்கை உடுப்பு.

இதோடு சேர்த்து ஒரு சின்ன வேலை. நாங்கள் விடிய எழும்பி முற்றம் கூட்டி, சருகைக் குவித்து எரிக்கிறவர்கள். மின்மினிப் புழு வாழ்வது அந்தச் சருகுக்குள். வளவின் ஒரு மூலையை, வாழையடியோ கிணற்றுக் கழிவு நீர் போகும் பக்கமோ, கூட்டாமல், எரிக்காமல், மருந்து அடிக்காமல் விடுங்கள். அதைப் 'பிள்ளையின் மூலை' என்று ஒதுக்கிக் கொடுத்தால் பிள்ளையே காவல் காக்கும். டெங்குப் பயம் நியாயமானது; சிரட்டை, போத்தல், டயர், தண்ணீர் தேங்கும் எதுவும் அங்கே இருக்கக் கூடாது, சருகு மட்டும். மற்ற வழிகள் பிள்ளைக்கு மட்டும் உதவுகின்றன, மின்மினிக்கு எதுவும் செய்யவில்லை. இது இரண்டு பேருக்கும் உதவும்.

யாருக்கு எது?

சாவகச்சேரி, கொடிகாமப் பக்கம், வளவும் வேலியும் உள்ள வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்: முதலில் முற்றம், மறுநாள் பூச்சியின் வாழ்க்கைக் கதை. பார்த்த பிள்ளைக்குக் கேள்வி இருக்கும், கதை அதற்கு விடையாகும். பயந்த பிள்ளைக்கு மட்டும் வரிசையை மாற்றி, கதையை முதலில் வையுங்கள்.

யாழ் நகருக்குள், மாடி வீட்டில், மூன்று பக்கமும் வீதி விளக்கு என்றால் வாசலில் காத்திருந்து பிள்ளையைச் சோர வைக்காதீர்கள். ரோச் விளையாட்டை வீட்டில் செய்யுங்கள், கட்டிலுக்குக் கீழே போர்வையைத் தொங்கவிட்டாலே இருட்டு வந்துவிடும். மாரி விடுமுறையில் கிராமத்து உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஓர் இரவை இதற்கு ஒதுக்கலாம். வலிகாமத்தில் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் மருந்து அடிப்பதால் பூச்சி குறைவாக இருக்கலாம். அங்கேயும் விளையாட்டை முதலில் வைத்து, குளத்தடியிலோ கோயில் வளவிலோ பார்க்க முயலுங்கள்.

முன்பள்ளி ஆசிரியைகளுக்கு: ஒரு காலை கதை, மறு காலை ரோச் விளையாட்டு, நேரம் மிஞ்சினால் புளியங்கொட்டை. இரவுப் பகுதியைப் பெற்றோரிடம் விட்டுவிடுங்கள். அதற்கு ஒரு துண்டுக் கடிதம் போதும், இப்படி எழுதலாம்: "இந்தக் கிழமை மழை இல்லாத ஒரு நாளில், 6.30 முதல் 7 மணி வரை வெளி விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு படியில் இருங்கள். மின்மினி வந்தால் பிடிக்க வேண்டாம். எத்தனை மினுக்கு, எந்தப் பக்கம் என்று பிள்ளை சொல்வதை எழுதி அனுப்புங்கள். வராவிட்டால் அதையும் எழுதுங்கள்." வராத வீடுகளின் பதில்களையும் சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். எந்த வளவில் வந்தது, எதில் வரவில்லை, ஏன் என்று பிள்ளைகளே பக்கத்து வீட்டைப் பற்றியெல்லாம் பேசத் தொடங்குவார்கள்.